தொடாமல் ஆறாத புண்

கட்டைப் பிரித்ததும் கிருமி எதுவென்று சில நேரம் துணியின் நிறமே சொல்லிவிடும். பச்சையும் நீலமும் கலந்த கறை, கூடவே திராட்சைப் பழத்தின் தித்திப்பு வாடை என்றால் சூடோமோனாஸ். மஞ்சளாகக் கெட்டியாக வந்தால் பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ். கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் டாக்டர் வந்து கேட்டால் சொல்வதற்கு டிரெஸ்ஸிங் ரூம் நர்ஸிடம் ஒரு கணிப்பு இருக்கும். கோவில்பட்டி வட்டாரத்தில் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி அந்த அறையில்தான் போனது. எலும்பு புரையோடியவர்களின் கட்டைப் பிரித்து, சலைன் விட்டுக் கழுவி, புரைக்குள் காஸ் துணியைச் செருகி, மறுபடி கட்டி அனுப்புகிற வேலை.

எங்கள் பக்கத்தில் இந்த நோய்க்கு வழிகள் பல. நாலுவழிச் சாலையில் பைக்கில் அடிபட்டு, முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்து, கரிசல் மண் ஒட்டியபடி வருவார்கள். மானாவாரிக் காட்டில் களை எடுக்கும்போது சீமைக்கருவை முள் மூட்டுக்குள் ஏறி ஒடிந்திருக்கும். முள்ளுதானே என்று மஞ்சளை வைத்துக் கட்டிவிட்டு, முட்டி வீங்கி நடக்க முடியாமல் ஆன பிறகு வருவார்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் செருப்புக் கடியில் தொடங்கிக் கால்விரல் எலும்பு வரை அழுகியிருக்கும். தீப்பெட்டி ஆபீஸில் மெஷினில் விரல் மாட்டியவர்களும் உண்டு. முதல் ஆபரேஷனில் கம்பி வைத்துத் தைத்து அனுப்பிய கால், ஆறு மாதம் கழித்து ஒரு சின்ன ஓட்டை வழியாகக் கசியத் தொடங்கும். மாத்திரை சாப்பிட்டால் அடைபடும். நிறுத்தினால் திறக்கும். இப்படி வருஷக்கணக்கில் கசிந்த கால்களை எனக்குத் தெரியும்.

அந்த அறை எனக்குள் ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். எங்கள் வேதத்தில் சுத்தம், தீட்டு என்ற பேச்சு நிறைய வரும். அக்கம்பக்கத்தில் செண்பகவல்லி அம்மனைக் கும்பிடுகிறவர்கள், கழுகுமலை முருகனுக்கு நடக்கிறவர்கள், பெருமாளைச் சேவிக்கிறவர்கள். அவர்கள் வீட்டிலும் அதே பேச்சு வேறு சொற்களில் உண்டு. எங்கே போனாலும் கணக்கு ஒன்றுதான்: சுத்தமானது தள்ளி நிற்க வேண்டும், அசுத்தம் தொட்டால் அது கெட்டுப்போகும். நான் நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போன காலத்தில் இந்தக் கணக்கால்தான் பல வீடுகளில் தங்கள் பெண்களை இந்த வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். மலம், சீழ், ரத்தம் தொடுகிற வேலை. தொட்டால்தான் ஆறும் என்பது டிரெஸ்ஸிங் ரூமின் கணக்கு. தொட்டால் கெடும் என்பது கோயிலின் கணக்கு. இரண்டும் எப்படி ஒரே உலகத்தில் உண்மையாக இருக்க முடியும்?

அந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது ஃபேஜ். அதைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது ஓய்வுக்குப் பிறகுதான்.

எலும்புக்குள் போன கிருமி ஏன் மருந்துக்கு அசைவதில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எலும்பில் ஒரு துண்டுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனால் அது செத்த எலும்பு. ரத்தம் போகாத இடத்துக்கு நாம் போடுகிற ஊசி மருந்தும் போகாது. கம்பியிலும் பிளேட்டிலும் படிந்த கிருமிகள் தங்களைச் சுற்றிக் கண்மாய்ப் பாசி மாதிரி வழவழப்பான ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அதற்குள் சில கிருமிகள் வளர்வதை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும். வளர்கிற கிருமியைத் தாக்கும்படி செய்யப்பட்ட மருந்துகளுக்கு அவை பிடிபடாது. ஸ்டஃபைலோகாக்கஸ் இன்னும் ஒரு படி போய், எலும்பின் செல்லுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். இதற்கு மேல் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளின் பெருக்கம். சென்னையில் 2012இல் டாக்டர்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம் இந்த ஆபத்தைத்தான் நாட்டுக்கு எடுத்துச் சொன்னது. கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை மத்திய அரசு தடை செய்தது 2019இல். வார்டில் கடைசி ஆயுதமாக வைத்திருந்த மருந்து அது.

ஃபேஜ் என்பது பாக்டீரியாவை மட்டும் பிடிக்கும் வைரஸ். நம் உடலின் செல்லை அது தீண்டுவதில்லை. பெரும்பாலானவற்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. தானாக நீந்தக்கூடத் தெரியாது. நீரின் அசைவில் மிதந்துகொண்டே இருக்கும். தனக்குரிய பாக்டீரியாவின் மேல் எதேச்சையாக மோதினால் வால் நுனியிலுள்ள இழைகளால் அதைத் தொட்டுப் பார்க்கும். பொருந்தினால் ஒட்டிக்கொண்டு தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தும். பல நேரம் அரைமணிக்குள்ளேயே அந்தப் பாக்டீரியா வெடித்து, உள்ளிருந்து நூறு இருநூறாகப் புது ஃபேஜ்கள் வெளிவரும். பொருந்தாவிட்டால் விலகிவிடும். ஒரே இனத்துக் கிருமியிலும் ஒரு நோயாளியின் கிருமியைப் பிடிக்கிற ஃபேஜ் பக்கத்துக் கட்டில்காரரின் கிருமியைப் பிடிக்காமல் போகலாம். சில ஃபேஜ்களிடம் அந்த வழவழப்புப் படலத்தைக் கரைக்கும் நொதியும் இருக்கிறது. எல்லாவற்றையும் விட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இது: கிருமி இருக்கும் வரை அது பெருகும், கிருமி தீர்ந்தால் தங்க இடமின்றித் தானும் தீர்ந்துபோகும்.

அதை எங்கே தேடுகிறார்கள்? சாக்கடையில். கிருமி எங்கே அதிகமோ அங்கேதான் அதைத் தின்னும் ஃபேஜும் அதிகம். ஆஸ்பத்திரிக் கழிவுநீரை எடுத்து, பாக்டீரியா தங்கிவிடும்படி நுண்ணிய வடிகட்டியில் வடிப்பார்கள். வடிந்த நீரை, நோயாளியின் சீழிலிருந்து வளர்த்த கிருமியோடு கலந்து, கண்ணாடித் தட்டில் பரப்பி இரவு முழுக்க வைப்பார்கள். காலையில் தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்து மங்கலாக ஏடு படிந்திருக்கும். அதில் குண்டூசித் தலை அளவுக்கு அங்கங்கே தெளிந்த வட்டங்கள் தெரிந்தால், அந்த ஒவ்வொரு வட்டமும் ஒரு ஃபேஜ் இறங்கி வேலை செய்த இடம். அங்கிருந்து கிள்ளியெடுத்துப் பெருக்கிச் சுத்திகரித்தால் மருந்து. அமெரிக்கக் கடற்படையின் ஃபேஜ் சேகரிப்பில் கப்பல்களின் அடித்தளத்து அழுக்குநீரில் எடுத்தவையும் உண்டு. 2016இல் சான் டியேகோவில் சாகக் கிடந்த ஒரு பேராசிரியரைப் பிழைக்க வைத்ததில் அந்தச் சேகரிப்புக்கும் பங்கு இருந்தது.

இதைக் கண்டவர்களின் கதையும் இப்படித்தான். லண்டனில் ஃபிரெடெரிக் டுவார்ட் 1915இல் முதலில் பார்த்து எழுதினார். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் டெரெல் 1917இல் பெயரும் வைத்தார். டெரெல் அதை எடுத்தது சீதபேதியிலிருந்து தேறிக்கொண்டிருந்தவர்களின் மலத்திலிருந்து. 1919இல் பாரிஸ் குழந்தைகள் மருத்துவமனையில் சீதபேதியோடு கிடந்த ஒரு பையனுக்குக் கொடுப்பதற்கு முன்பு, ஆபத்தில்லை என்று காட்ட டெரெலும் அங்கிருந்த டாக்டர்களும் அந்த நீரைத் தாங்களே குடித்தார்கள். வடித்த நீர்தான், மலம் அல்ல. ஆனாலும் அது எங்கிருந்து வந்தது என்று குடித்த ஒவ்வொருவருக்கும் தெரியும். மருத்துவத்தின் வரலாற்றில் இதைவிட மரியாதைக்குரிய ஒரு பானத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

இங்கே காசிச் செம்பைப் பற்றிப் பேச வேண்டும். சிவகாசி, தென்காசி என்று ஊருக்கே காசியின் பெயர் வைத்துக்கொண்ட சீமை இது. காசிக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் பூஜை அலமாரியில், மூடி பற்றவைத்த சின்னச் செம்பு ஒன்று இருக்கும். உள்ளே கங்கைத் தீர்த்தம். சாகிறவர் வாயில் விடுவதற்காக வைத்திருப்பது. எத்தனை வருஷமானாலும் அந்தத் தண்ணீர் கெடாது என்பார்கள். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே கம்பி வைத்த இடம் புரையோடிப் போய், கட்டு மாற்ற வாரந்தோறும் வருவார். ஒருநாள் அவர் மனைவி முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்த செம்பை வெளியே எடுத்தார்.

“சிஸ்டரம்மா, இதுல ரெண்டு சொட்டு அந்த ஓட்டைக்குள்ள விட்டுப் பாப்பமா? ஊசியும் போட்டாச்சு, மாத்திரையும் முழுங்கியாச்சு. எங்க மாமியா காசியில இருந்து கொண்டாந்தது தாயி.”

வேண்டாம் என்று சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். திறந்த எலும்பில் வடிக்காத நீரை விடக்கூடாது, அது எந்த ஆற்று நீராக இருந்தாலும். ஆனால் அந்த அம்மாள் கேட்டதில் எவ்வளவு இருந்தது என்பது பிறகு தெரிந்தது. 1896இல் ஆக்ராவில் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் இருந்த எர்னஸ்ட் ஹாங்கின், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமியை விட்டால் சில மணி நேரத்தில் அது செத்துவிடுகிறது என்று கண்டு, பாஸ்டர் நிறுவனத்தின் இதழில் எழுதினார். அதே நீரைக் காய்ச்சினால் அந்தக் குணம் போய்விட்டது. காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. இருபது வருஷம் கழித்து ஃபேஜ் என்ற ஒன்று தெரிந்த பிறகு, அவர் பார்த்தது அதன் வேலையாக இருக்கலாம் என்று பலர் சொன்னார்கள். டெரெலே 1927இல் இந்தியாவுக்கு வந்து பஞ்சாபில் காலராக்காரர்களுக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்த்தார். அசாமிலும் பீகாரிலும் அந்தச் சோதனைகள் சில வருஷம் நடந்தன. பென்சிலின் வந்ததும் உலகத்தின் பெரும்பகுதி ஃபேஜை மறந்தது. ஜார்ஜியாவின் டிபிலிசியும் போலந்தின் விரோட்ஸ்வாஃபும்தான் விடாமல் வைத்திருந்தன. டிபிலிசியில் அந்த நிறுவனத்தை 1923இல் தொடங்கிய ஜார்ஜ் எலியாவாவை 1937இல் ஸ்டாலின் ஆட்சி சுட்டுக் கொன்றது. நிறுவனம் இன்றும் அவர் பெயரில் நடக்கிறது.

கங்கை நீரில் ஃபேஜ் உண்டு என்று சொன்னவுடன் இரண்டு விதமாகப் பேசுவார்கள். பார்த்தீர்களா, நம் முன்னோருக்கு அப்போதே தெரியும் என்பது ஒன்று. பார்த்தீர்களா, புனிதமும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் வைரஸ் என்பது இன்னொன்று. இரண்டு பேரும் அந்த அம்மாளைக் கவனிக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. கங்கையில் அந்த ஃபேஜ் ஏன் இருக்கிறது? அங்கே குளிக்கிறவர்கள், துவைக்கிறவர்கள், எரிக்கிறவர்கள், கரையோர ஊர்களின் கழிவு என்று அத்தனையும் அந்த ஆற்றில் கலக்கிறது. கிருமி கலப்பதால்தான் கிருமியைத் தின்பதும் அங்கே பெருகுகிறது. அழுக்கைத் தன்னிடம் வரவிடாத ஒரு நதி இருந்தால் அதில் இந்தக் குணம் இருக்காது. இமயமலை உச்சியில் பனி உருகிய முதல் நீர் கண்ணாடியாக இருக்கும். அது யாருடைய காலராவையும் நிறுத்தாது. ஆக, கங்கையைக் கும்பிடுகிறவர்களின் நெஞ்சுக்குள் இருக்கிற நினைப்பு, எல்லாரின் அழுக்கையும் வாங்கிக்கொள்கிறவள் அவள் என்பது, ஆற்றின் இயல்போடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாதது தள்ளி நிற்பதே புனிதம் என்கிற சட்டம்தான். அதே நேரம், கழிவை விட்டுக்கொண்டே இருக்கலாம், ஃபேஜ் பார்த்துக்கொள்ளும் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. காசியில் கங்கை இன்று சுமப்பது எந்த ஃபேஜும் தின்று தீர்க்கக்கூடியதல்ல.

அந்தச் செம்பு வந்த காசியிலேயே எலும்புக்கான வேலையும் நடந்தது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் கோபால் நாத்தும் அவரோடு இருந்தவர்களும், மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸால் முயல்களின் தொடை எலும்பில் நாட்பட்ட சீழை உண்டாக்கி, பல ஃபேஜ்களைக் கலந்து கொடுத்து ஆற்றிக் காட்டினார்கள். 2016இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் அது வந்தது. பிறகு அதே இடத்தில், வேறு எதற்கும் ஆறாத புண்ணோடு இருந்த மனிதர்களுக்கு மேலே ஊற்றிப் பார்த்து, 2019இல் எழுதினார்கள். தமிழ்நாட்டில் வேலூர் வி.ஐ.டி.யில் ரமேஷ் நாச்சிமுத்துவின் ஆய்வுக்கூடம், மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கான ஃபேஜ்களைத் தேடியெடுக்கும் வேலையைச் செய்கிறது.

வெளிநாட்டில் இது மனிதரின் எலும்பு வரை போய்விட்டது. பிரஸ்ஸல்ஸ் நகரில் 2016 மார்ச் குண்டுவெடிப்பில் தொடை எலும்பு நொறுங்கிய இளம்பெண் ஒருத்திக்கு, எந்த மருந்துக்கும் அடங்காத கிளெப்சியெல்லா எலும்பில் தங்கிவிட்டது. 700 நாளுக்கு மேல் ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் தீரவில்லை. டிபிலிசியில் அவளுடைய கிருமியின் மேலேயே பழக்கி எடுத்த ஃபேஜை ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுத்தார்கள். எலும்பு கூடி அவள் நடந்தாள். பிரான்ஸின் லியோன் நகரில் டிரிஸ்டன் ஃபெர்ரி, செயற்கை மூட்டில் சீழ் பிடித்தவர்களுக்கு ஆபரேஷன் நடக்கும்போதே மூட்டுக்குள் ஃபேஜ் விடுகிறார். பெல்ஜியம் ராணுவ மருத்துவமனை வழியாக ஃபேஜ் பெற்ற முதல் 100 நோயாளிகளின் கணக்கு 2024இல் வந்தது. 77 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. 61 சதவீதம் பேரிடம் குறிவைத்த கிருமியே இல்லாமல் போனது. ஆன்டிபயாட்டிக்கை விட்டுவிட்டு ஃபேஜை மட்டும் கொடுத்தால் பலன் குறைந்தது. செத்த எலும்பைச் சுரண்டி எடுக்கிற சர்ஜனின் வேலையும் குறையவில்லை. அற்புதம் என்று இதை விற்க வருகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

வேதத்துக்கு வருகிறேன். ஆகாய் தீர்க்கதரிசியின் புத்தகம் மிகச் சிறியது, இரண்டே அதிகாரம். சபையில் அதிகம் வாசிக்கப்படுவதில்லை. அதில் தீர்க்கதரிசி ஆசாரியர்களிடம் இரண்டு கேள்வி கேட்கிறார். பரிசுத்த மாம்சத்தை வஸ்திரத்தின் தொங்கலில் எடுத்துப் போகிறவனின் துணி ஓர் அப்பத்திலோ எண்ணெயிலோ பட்டால் அது பரிசுத்தமாகுமா? ஆகாது என்கிறார்கள். பிணத்தைத் தொட்டுத் தீட்டானவன் அவற்றைத் தொட்டால் அவை தீட்டாகுமா? ஆகும் என்கிறார்கள். அதாவது தொடுதலில் தீட்டு பரவும், பரிசுத்தம் பரவாது. லேவியராகமம் பதினைந்தாம் அதிகாரம் முழுக்க இந்தக் கணக்குதான்: உடம்பிலிருந்து கசிவு உள்ளவன் உட்கார்ந்த மனை தீட்டு, படுத்த படுக்கை தீட்டு, துப்பினால் அது பட்டவன் தீட்டு. என் டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த அதிகாரத்தில் வருகிறவர்கள்.

அந்தச் சட்டத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கிருமி என்ற சொல்லே இல்லாத காலத்தில், பாளயத்தில் கூட்டமாக வாழ்ந்த ஜனத்தை அது காப்பாற்றியிருக்கும். நாங்களும் கையுறை போடுகிறோம், தொற்று உள்ளவரைத் தனி அறையில் வைக்கிறோம். எச்சரிக்கைக்காகக் கொஞ்ச காலம் விலக்கி வைப்பது ஒன்று. பிறப்பால், தொழிலால் இவர்கள் என்றைக்கும் தீட்டு என்று வைப்பது வேறொன்று. முதலாவது எப்போது இரண்டாவதாக மாறியது என்பதுதான் எல்லா மதங்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கு நிற்காத, பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீ கூட்டத்தில் நுழைந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள். ஆகாயின் ஆசாரியர்கள் சொன்ன கணக்குப்படி அந்த நொடியில் அவர் தீட்டாகியிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். அவரிடமிருந்து அவளுக்குச் சுகம் பாய்ந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை இது. விசுவாசத்தின் பெருமை என்றுதான் பிரசங்கத்தில் சொல்வார்கள். ஃபேஜைப் பற்றிப் படித்த பிறகு எனக்கு அந்தத் தொடுதலின் திசை பெரிதாகத் தெரிகிறது. சுகம் என்பதும் தொற்றும். பிணியைப் போலவே அதுவும் தொட்டால்தான் பரவும். தொடாதவரிடமிருந்து அது யாருக்கும் போகாது. நாகமான் கதையும் அப்படித்தான். சீரியாவின் படைத்தலைவன், குஷ்டரோகி, தமஸ்குவில் ஆப்னாவும் பர்பாரும் இருக்க யோர்தானிலா போய் முழுக வேண்டும் என்று கோபித்துத் திரும்பினவன். அவனுடைய ஊழியக்காரர் சமாதானம் சொல்லித்தான் இறங்கினான், சுகமானான். பெரிய இடத்து நீர் வேண்டும் என்கிற அந்தக் கோபம் இன்றும் எல்லா ஊரிலும் இருக்கிறது.

சபையின் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவர் கண் கலங்கி, “ஆண்டவர் ஒவ்வொரு நோய்க்கும் பக்கத்துலயே மருந்தையும் வச்சிருக்காருக்கா” என்றார். அந்த ஆறுதலை என்னால் அப்படியே வாங்கிக்கொள்ள முடியவில்லை. காலராக் கிருமி மனிதனைக் கொல்வது தன் விஷத்தால். அந்த விஷத்துக்கான மரபணுவைக் கிருமிக்குள் கொண்டுபோய் வைத்ததே ஒரு ஃபேஜ்தான் என்று 1996இல் கண்டுபிடித்தார்கள், ஹாங்கின் எழுதிச் சரியாக 100 வருஷம் கழித்து. தொண்டை அடைப்பான் விஷமும் ஒரு ஃபேஜ் கொண்டுவந்தது. கங்கையில் காலராவைத் தின்றிருக்கக்கூடியதும் ஃபேஜ், காலராவை எமனாக்கியதும் ஃபேஜ். அதனால்தான் சிகிச்சைக்கு எடுப்பதற்கு முன் அதன் மரபணு முழுவதையும் வாசித்து, விஷம் சுமக்காதது, கிருமிக்குள் ஒளிந்து தங்காதது என்று உறுதி செய்துகொள்கிறார்கள். ஃபேஜைத் தேவதூதனாக்க நான் வரவில்லை. படைப்பில் வைத்திருக்கிறது என்பதால் மட்டும் அது மருந்தாவதில்லை. சாக்கடையில் குனிந்து எடுத்து, தட்டுத் தட்டாகப் பார்த்து, இன்னாருடைய கிருமிக்கு இது என்று பொருத்துகிற மனிதர்கள் வேண்டும். கடவுளின் கருணை எங்கே என்று என்னைக் கேட்டால், அந்தக் குனிதலில் என்பேன்.

கழுகுமலைச் சமணச் சிற்பங்களை உயிராக நேசிக்கிற தோழி ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவர், வேறு பக்கமிருந்து கேட்டார்: எப்படியானாலும் கொலைதானே? கண்ணுக்குத் தெரியாத உயிர் மிதிபடக்கூடாது என்று மயிற்பீலியால் தரையைக் கூட்டி நடந்தவர்களின் மலை அது. அங்கே பாறையில் வட்டெழுத்தில் குரத்திகளின் பெயரும் வெட்டியிருக்கிறது. பெண்களும் ஆசிரியராக இருந்து போதித்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நின்று பதில் சொல்வதாக நினைத்துத்தான் யோசித்தேன். ஆன்டிபயாட்டிக் போட்டால் நம் குடலில் நமக்கு உதவியாக இருக்கிற கோடானுகோடி உயிர்களும் சேர்ந்து சாகின்றன. ஃபேஜ் நோய் செய்த அந்த ஒரு வகையைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. கொல்லாமல் இருக்க முடியாத இடத்தில் மிகக் குறைவாகக் கொல்வது எது என்று தேடுவதும் அந்தப் பீலியின் வழியில்தான் வருகிறது. தோழி அதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் இதைவிட நல்ல பதில் கிடைக்கவில்லை.

பதிலே இல்லாமல் நின்றது இன்னொருவர் முன்னால். என்னோடு வார்டில் பல காலம் வேலை பார்த்த தூய்மைப் பணியாளர் அம்மா. வழியில் பார்த்து டீக்கடையில் உட்கார்ந்து இந்தச் சாக்கடை மருந்தைப் பற்றி ஆர்வமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

“அந்தத் தண்ணிய யாரு சிஸ்டர் அள்ளிக் குடுக்கிறது?”

எந்த ஆய்வுக் கட்டுரையிலும் அந்தப் பெயர் இருக்காது. கழிவுநீர் மாதிரி எடுக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். மலக்குழியில் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் இறக்கினார்கள், செத்தார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சாகிறவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தொகையை உயர்த்த வேண்டியிருந்தது. இந்தக் கரிசல் சீமையில் டீக்கடையில் தனிக் கிளாஸ் இருந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். தீட்டை ஒழித்த கர்த்தரை ஆராதிக்கிற எங்கள் சபைகளிலும் சாதி கல்லறைத் தோட்டம் வரை கூட வருகிறது. அதைச் சொல்லாமல் ஆகாயையும் பெரும்பாடுள்ள ஸ்திரீயையும் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை. ஒரு தலைமுறை முழுக்க, பல தலைமுறை முழுக்க, ஊரின் அழுக்கைத் தொட்டு ஊரை நோயில்லாமல் வைத்தவர்களைத்தான் தீட்டு என்றார்கள். சுகம் எந்தத் திசையில் பாய்ந்தது என்று பார்த்திருந்தால் யாரைக் கும்பிட்டிருக்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

இப்போது நடக்க வேண்டியது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஃபேஜ் இன்னும் மருந்துக் கடையில் வாங்கும் மருந்தாகவில்லை. வசதியுள்ள சிலர் டிபிலிசிக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார்கள். ஆட்டுக்காரப் பெரியவர் இரண்டு குறுக்கம் காட்டை விற்றாலும் அந்தப் பயணம் கட்டாது. திருநெல்வேலியிலும் மதுரையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சீழை வளர்த்துக் கிருமியை இனம் காணும் ஆய்வுக்கூடம் அங்கே உண்டு. அந்தக் கிருமிகளை எறிந்துவிடாமல் சேமித்து வைக்கலாம். மாவட்டத்துக் கழிவுநீரிலிருந்து அவற்றுக்கான ஃபேஜ்களைத் தேடியெடுத்து, வேலூரிலும் காசியிலும் இதில் பழகியவர்களோடு சேர்ந்து, மரபணு வாசித்து, ஒரு சேகரிப்பாக வைக்கலாம். பெல்ஜியத்தில் செய்வதுபோல ஒரு நோயாளியின் கிருமிக்கென்று தனியாகத் தயாரித்துக் கொடுக்க இங்கேயும் விதி வகுக்கலாம். தண்ணீர் எடுக்க மனிதர் இறங்க வேண்டியதில்லை. கயிற்றில் கட்டிய குப்பியும் கைப்பம்பும் போதும். அதை எடுத்துக் கொடுக்கிறவருக்கு ஆய்வுக்கூடப் பணியாளரின் சம்பளமும் கையுறையும் தடுப்பூசியும் வேண்டும், கட்டுரையில் அவர் பெயரும் வேண்டும். அந்த அம்மாவை மறுபடி பார்க்கும்போது, இவர்தான் அள்ளிக் கொடுக்கிறவர் என்று பெயர் சொல்ல நான் ஆசைப்படுகிறேன்.